வாசலில் நின்ற கண்டுபிடிப்பாளர்கள்

நுழையும் முன்

ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்று கேட்பவர் பலர். அதை உருவாக்கியவர் யார், அவரை அவருடைய காலமும் ஊரும் எவ்வாறு நடத்தின என்று கேட்பவர் சிலரே. இப்பாடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது. அமெரிக்காவில் நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட கண்டுபிடிப்பாளர் சிலரையும், கோயம்புத்தூரில் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஒரு பட்டறைத் தொழிலாளியையும் இங்கே அருகருகே காணலாம்.

பாடம்

நல்லேப்பிள்ளியிலிருந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, மாநில எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூரை அடைகிறது. மருத்துவத்துக்கும், துணிமணி வாங்குவதற்கும், மேற்படிப்புக்கும் இப்பகுதித் தமிழர் பல தலைமுறைகளாகச் சென்றுவரும் நகரம் அது. நகருக்குள் நுழையும் பேருந்தைச் சிவப்பு விளக்கு தடுத்து நிறுத்துகிறது. குறுக்குச் சாலை வண்டிகள் கடந்து செல்கின்றன. பேருந்தினுள் ஒருவர் தொலைபேசியில் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மற்றொருவர் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை அணிந்து நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார். இவற்றுள் எதுவும் எவருக்கும் வியப்பளிப்பதில்லை. அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட கருவி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதைச் செய்தவரும் உடன் மறைந்துவிடுகிறார்.

சாலைச் சந்திப்பில் எல்லாத் திசை வண்டிகளையும் ஒருசேர நிறுத்தும் சைகைப் பொறிக்கு 1923 இல் காப்புரிமை பெற்றவர் காரெட் மார்கன். சட்டைக் கையைச் சுருக்கமின்றித் தேய்க்க உதவும் ஒடுங்கிய பலகையை வடிவமைத்தவர் சாரா பூன். தொலைபேசிகளிலும் செவித்துணைக் கருவிகளிலும் பெருமளவில் பயன்பட்ட சிறிய ஒலிவாங்கியை 1962 இல் கெர்ஹார்ட் செஸ்லர் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர் ஜேம்ஸ் வெஸ்ட். மூவரும் அமெரிக்காவின் கறுப்பின மக்கள். அந்நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் கண்டுபிடிப்பாளராக வாழ்வது எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவர்கள் செய்தவற்றின் பெருமை விளங்கும்.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1865 இல். அதற்கு முன்பே நியூயார்க்கில் தையல் தொழில் செய்த தாமஸ் ஜென்னிங்ஸ் என்னும் கறுப்பினத்தவர், ஆடைகளைக் கெடாமல் வெளுக்கும் முறை ஒன்றைக் கண்டறிந்து 1821 இல் காப்புரிமை பெற்றார். அவர் அடிமையாக இல்லாமல் விடுதலை பெற்ற மனிதராக இருந்ததால்தான் அது இயன்றது. அக்கண்டுபிடிப்பால் வந்த வருவாயைக் கொண்டு தம் குடும்பத்தாரை அடிமைத்தளையிலிருந்து விலைகொடுத்து மீட்டார். ஒரு சலவை முறை சிலருடைய விடுதலைக்கு விலையாக மாறியது.

அடிமைகளின் நிலை வேறு. மிசிசிப்பி மாநிலத்தில் நெட் என்னும் அடிமை, பருத்தி வரிசையின் இருபுறத்தையும் ஒரே நேரத்தில் சுரண்டிக் களையெடுக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அவருடைய எசமானரான ஆஸ்கர் ஸ்டூவர்ட், அதற்கான காப்புரிமையைத் தம் பெயரில் தருமாறு அரசை வேண்டினார். அடிமையின் உடலுழைப்பு எசமானருக்கு உரியது என்றால் அவனுடைய அறிவின் விளைச்சலும் எசமானருக்கே உரியது என்பது அவருடைய வாதம். அரசின் தலைமைச் சட்ட அலுவலர் 1858 இல் இதற்கு விடை கூறினார். எசமானர் கண்டுபிடிப்பாளர் அல்லர். ஆகவே அவருக்குக் காப்புரிமை இல்லை. அடிமை குடிமகன் அல்லன். ஆகவே அவனுக்கும் இல்லை. ஸ்டூவர்ட் காப்புரிமை இல்லாமலேயே அக்கருவியைச் செய்து விற்றார். செய்தவருக்கு நெட் என்னும் ஒற்றைப் பெயர் மட்டுமே வரலாற்றில் எஞ்சியது.

சாரா பூன் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் ஊரில் குடியேறிப் பெண்களுக்கு ஆடை தைத்து வாழ்ந்தார். அக்காலத்தில் துணி தேய்ப்பதற்கு இரண்டு நாற்காலிகளின் மேல் ஒரு பலகையை வைப்பதே பலருடைய வழக்கம். உடலோடு ஒட்டித் தைக்கப்பட்ட சட்டைகளின் வளைந்த தையலும் ஒடுங்கிய கைப்பகுதியும் அப்பலகையில் கசங்கும். ஒருபுறம் தேய்த்தால் மறுபுறம் மடிப்பு விழும். ஒடுங்கி வளைந்த, சட்டைக் கைக்குள் நுழையக்கூடிய, திருப்பி வைத்து மறுபுறமும் தேய்க்கத்தக்க பலகையை அவர் வடிவமைத்தார். 1892 ஏப்ரல் 26 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நடுத்தர வயதைக் கடந்த பின்னரே அவர் எழுதப் படிக்கக் கற்றார் என்பதை நினைவிற்கொண்டு அந்த விண்ணப்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தையற்காரிக்கே தெரியும் தொல்லை அது. தீர்வும் தையற்காரியிடமிருந்தே வந்தது.

காரெட் மார்கனின் வரலாறு வேறொரு செய்தியைச் சொல்கிறது. தொடக்கக் கல்வியோடு படிப்பை நிறுத்திய அவர், கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தார். தீயணைப்போர் புகையில் மூச்சுத் திணறுவதைத் தடுக்கத் தலைக்கவசம் ஒன்றை உருவாக்கி 1914 இல் காப்புரிமை பெற்றார். புகை மேலெழும், நல்ல காற்று தரையை ஒட்டி நிற்கும் என்பதே அதன் அடிப்படை. கவசத்திலிருந்து நீண்ட குழாய்கள் தரைவரை தொங்கிக் கீழுள்ள காற்றை மேலே கொண்டுவரும். கருவி நன்று, ஆனால் கறுப்பினத்தவர் செய்த கருவியைத் தென்மாநிலத்தார் வாங்க மறுப்பர். ஆகவே மார்கன் வெள்ளையர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக் கண்டுபிடிப்பாளர்போல் நடிக்கச் செய்தார். தாம் அமெரிக்கப் பழங்குடியினர் வேடம் பூண்டு, கவசம் அணிந்து, புகை நிறைந்த கூடாரத்துக்குள் சென்று நலமுடன் திரும்பிக் காட்டினார். தம் கருவியைத் தாமே விற்பதற்கு இத்தனை ஒப்பனை தேவைப்பட்டது.

1916 சூலையில் கிளீவ்லாந்து நகரின் ஏரிக்கடியில் தோண்டப்பட்ட சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. உள்ளே நச்சுவாயு. மீட்கச் சென்றவர்களும் திரும்பவில்லை. மார்கனும் அவருடைய உடன்பிறந்தவரும் கவசம் அணிந்து இறங்கிச் சிலரை உயிருடன் மீட்டனர். செய்தித்தாள்களில் படம் வந்தது. கருவியைச் செய்தவர் கறுப்பினத்தவர் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. சில நகரங்கள் முன்பு கொடுத்திருந்த ஆணைகளைத் திரும்பப் பெற்றன. உயிர் காத்த செய்தியே வணிகத்தைக் கெடுத்தது என்பது எத்தகைய முரண்!

மேரி கென்னர்

1912 மே 17 அன்று வட கரோலினா மாநிலத்தின் மன்ரோ என்னும் ஊரில் பிறந்தவர் மேரி பியாட்ரிஸ் டேவிட்சன் கென்னர். கண்டுபிடிப்பு அவர்கள் வீட்டுச் சொத்து. தந்தையார், பயணப் பெட்டிக்குள் ஆடையை மடிப்புடன் வைத்திருக்கும் அழுத்தி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். அதனை விலைக்குக் கேட்ட நிறுவனத்துக்குக் கொடாமல் தாமே செய்து விற்க முயன்று இழப்படைந்தார். தங்கை மில்ட்ரெட் பிற்காலத்தில் பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்.

மேரிக்கு 6 வயது. தாயார் காலையில் வேலைக்குப் புறப்படும்போது கதவு கிறீச்சிட்டு அவருடைய உறக்கத்தைக் கலைக்கும். தானே எண்ணெய் இட்டுக்கொள்ளும் கீல் ஒன்றைச் செய்தால் என்ன என்று அச்சிறுமி எண்ணினாள். கையைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம். நனைந்த குடையின் நுனியிலிருந்து நீர் சொட்டுவதைத் தடுக்க ஒரு பஞ்சுத் துண்டைப் பொருத்தலாம் என்று மற்றொரு நாள் தோன்றியது. 1924 இல் குடும்பம் வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அரசின் காப்புரிமை அலுவலகம் இருந்தது. தமக்குத் தோன்றியவை முன்னரே யாருக்கேனும் தோன்றியுள்ளனவா என்று அறிய அச்சிறுமி அந்த அலுவலகத்தின் கூடங்களில் உலவினாள். பிள்ளைகள் விளையாட்டுத் திடலைத் தேடும் வயது அது.

புகழ்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் பணம் இல்லாமையால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் படிப்பை விட்டார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அரசு அலுவலகப் பணி, பின்னர் சொந்தமாகப் பூக்கடை என்று அவருடைய வாழ்க்கை நகர்ந்தது. இவற்றுக்கிடையே இளமையில் தோன்றிய எண்ணம் ஒன்று அவரை விடவில்லை.

மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பெரும்பாலும் துணியையே பயன்படுத்திய காலம் அது. கடையில் விற்ற நாப்கின்களிலும் உள்ளாடையில் ஒட்டிக்கொள்ளும் பசைப்பட்டை கிடையாது. அவை நழுவும், ஆடையில் கறை படும். அந்த அச்சத்தாலேயே பெண்கள் வெளியில் செல்லத் தயங்கினர். இடுப்பின் அளவுக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பட்டையையும், நாப்கினை இடத்தில் நிறுத்தும் அமைப்பையும் கென்னர் வடிவமைத்தார். ஈரம் ஊடுருவாத உறை அதன் சிறப்பு. காப்புரிமைக்குச் செலவிடப் பணம் சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1956 இல் காப்புரிமை கிடைத்தது.

மறு ஆண்டே நிறுவனம் ஒன்று ஆர்வத்துடன் அவரைத் தொடர்புகொண்டது. அதன் சார்பாளர் அவரைச் சந்திக்க வாஷிங்டனுக்கு நேரில் வந்தார். புதிய வீடு, புதிய வண்டி என்று கென்னர் கனவு காணத் தொடங்கியிருந்தார். வந்தவர் கென்னரைக் கண்டார். அவர் கறுப்பினப் பெண் என்பதை அறிந்தார். நிறுவனத்தின் ஆர்வம் அத்துடன் அடங்கியது. வரைபடம் மாறவில்லை, பயன் மாறவில்லை, எதிரில் நின்றவரின் நிறம் மட்டுமே புதிதாகத் தெரிந்த செய்தி.

அக்காலத்தில் அந்நாட்டில் காப்புரிமை 17 ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியானது. அக்காலம் கழிந்தபின் அவ்வடிவமைப்பு எவரும் எடுத்தாளத்தக்க பொதுச்சொத்தாயிற்று. அதற்குள் பசைப்பட்டை கொண்ட நாப்கின்களும் சந்தைக்கு வந்துவிட்டன. கென்னருக்குப் பொருள் எதுவும் சேரவில்லை. ஆயினும் அவர் ஓயவில்லை. நோயுற்று நடைதாங்கியின் துணையால் நடந்த தங்கையைக் கண்டு, அதில் பொருத்தத்தக்க தட்டும் பையும் கொண்ட அமைப்பை 1976 இல் பதிவு செய்தார். கழிப்பறைத் தாள் சுருளின் நுனி எப்போதும் கைக்கெட்டும்படி நிற்கும் பிடிப்பான், குளியலறைச் சுவரில் பொருத்தி முதுகைத் தேய்த்துக்கொள்ளும் கருவி என 1987 வரை மொத்தம் 5 காப்புரிமைகள் பெற்றார். பூக்கடை வருமானத்தில் வாழ்ந்துகொண்டே இவற்றைச் செய்தார்.

பாப்பநாயக்கன்புதூர்ப் பட்டறை

கென்னரின் வாசலிலிருந்து நிறுவனத்தார் திரும்பிச் சென்று 40 ஆண்டுகள் கழிந்த பின்னும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எண்ணற்ற பெண்கள் அதே தொல்லையுடன் வாழ்ந்தனர். கடைகளில் நாப்கின் இருந்தது. வாங்கப் பணம் இல்லை. அதுபற்றிப் பேச வாயும் இல்லை.

கோயம்புத்தூரில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அருணாசலம் முருகானந்தம். தந்தையார் சாலை விபத்தில் இறந்தார். தாயார் விவசாயக் கூலியாக உழைத்தும் குடும்பம் தடுமாறியதால், 14 வயதில் முருகானந்தத்தின் பள்ளிப் படிப்பு நின்றது. வெல்டிங், இயந்திர இயக்கம், விவசாயக் கூலி என்று கிடைத்த வேலைகளைச் செய்தார். பட்டறையே அவருக்குக் கல்லூரி ஆயிற்று.

1998 இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. ஒருநாள் மனைவி சாந்தி எதையோ மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். அழுக்குத் துணி. வண்டி துடைக்கவும் தகாத துணி அது. கடையில் கிடைப்பதை வாங்கலாமே என்று கேட்டார். அதற்குச் செலவிட்டால் வீட்டுக்குப் பால் வாங்க முடியாது என்னும் பொருள்படச் சாந்தி விடையளித்தார். கூலி வீட்டின் கணக்கு அது.

மனைவிக்குப் பரிசளிக்க எண்ணி முருகானந்தம் கடைக்குச் சென்று ஒரு நாப்கின் பொதி வாங்கினார். விலைப்பட்டியலில் இல்லாத பொருளைக் கொடுப்பதுபோல் கடைக்காரர் அதைத் தாளில் சுற்றி மறைவாகக் கொடுத்தார். முருகானந்தம் பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தார். எடை ஏறத்தாழ 10 கிராம். அந்த அளவு பஞ்சின் விலையைப் பட்டறைக்காரர் மனம் உடனே கணக்கிட்டது. மூலப்பொருளின் விலையைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு விலையில் அது விற்கப்பட்டது. தாமே செய்துவிடலாம் என்று துணிந்தார்.

பஞ்சில் செய்த முதல் நாப்கின் பயன்படவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் சாந்தியின் கருத்தை அறிய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தங்கைமார் இது குறித்துப் பேசவே மறுத்தனர். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். அவர்களுள் சிலரே அனைவருக்குமான தாள்களை நிரப்பியதைக் கண்டு அந்த வழியையும் கைவிட்டார். சோதிக்க வேறு யாரும் இல்லாதபோது தம் உடலையே சோதனைக்களம் ஆக்கினார். பந்தின் உட்பையில் ஆட்டுக் குருதியை நிரப்பி இடுப்பில் கட்டி, தாம் செய்த நாப்கினை அணிந்து நடந்தார், ஓடினார், மிதிவண்டி ஓட்டினார். எவ்வளவு உறிஞ்சுகிறது, எப்போது கசிகிறது என்பதே அவருடைய ஆய்வு. குருதி படிந்த ஆடையைப் பொதுக் கிணற்றடியில் துவைத்தபோது ஊரார் பார்த்தனர். தீய நோய் என்றனர் சிலர். பேய் பிடித்தது என்றனர் சிலர். சாந்தி பிறந்தகம் சென்றார். பின்னர்த் தாயாரும் பிரிந்தார். மரத்தில் கட்டிப் பேயோட்டுவோம் என்று ஊர் மிரட்டியபோது முருகானந்தம் ஊரைவிட்டே வெளியேறினார்.

ஊராரைக் குறைகூறுவது எளிது. மாதவிடாயைத் தீட்டு என்று எண்ணிய ஊர், ஆண் ஒருவன் அதைப்பற்றிப் பேசுவதையே தாங்கமாட்டாது என்பது உண்மை. எனினும் அவர் என்ன செய்கிறார் என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்லும் மொழி அன்று அந்த ஊரில் எவரிடமும் இல்லை. பேசப்படாத ஒன்றுக்குத் தீர்வு காண்பவர் முதலில் பேச்சையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தொழில்நுட்பச் சிக்கல் எங்கே இருந்தது? கடையில் விற்ற நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு என்றே முருகானந்தம் முதலில் நம்பினார். பஞ்சு உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் ஈரத்தை வெளிவிடும். உறிஞ்சியதை உள்ளேயே தேக்கி வைக்கும் பொருள் எது என்பது புலப்படவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்தும், ஆங்கிலம் அறிந்த பேராசிரியர் ஒருவரின் துணையால் மடல் எழுதியும் உசாவினார். மாதிரிகள் வந்தன. பஞ்சை எதிர்பார்த்துப் பிரித்தவருக்குக் கெட்டியான அட்டைகள்தாம் கிடைத்தன. அட்டை ஒன்றைக் கிழித்துப் பார்த்தபோது நார்நாராகப் பிரிந்தது. அது மரக்கூழ், மரத்திலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் இழை. இந்த ஓர் உண்மையை அறிவதற்கு 2 ஆண்டுகளும் 3 மாதங்களும் கழிந்தன.

அட்டையைப் பஞ்சுபோல் ஆக்கி நாப்கின் செய்யும் இறக்குமதி இயந்திரத் தொகுதியின் விலை ஏறத்தாழ 3.5 கோடி ரூபாய். முருகானந்தம் அதனைச் சிறிதாக்க முயலவில்லை. வேலையை நான்கு எளிய படிகளாகப் பிரித்தார். வீட்டு மிக்ஸிபோன்ற அரைப்பான் அட்டையை உதிர்த்து மெல்லிய இழையாக்கும். அவ்விழையை அச்சில் இட்டு அழுத்தினால் நீள்சதுர வடிவம் கிடைக்கும். நெய்யாத துணியால் அதைச் சுற்றி ஒட்டவேண்டும். இறுதியில் புற ஊதாக் கதிரின்கீழ் வைத்துக் கிருமி நீக்கவேண்டும். ஓரிரு மணி நேரத்தில் எவரும் இதைக் கற்கலாம். உள்ளுறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்படியே இயந்திரம் அமைந்ததால், பழுதானால் இயக்கும் பெண்களே சரிசெய்யவும் முடியும். விலை ஏறத்தாழ 65,000 ரூபாய்.

தம் கருவியை 2006 இல் சென்னை ஐ.ஐ.டி.க்குக் கொண்டுசென்று காட்டினார். மரச்சட்டத்தில் அமைந்த அந்த இயந்திரத்தைக் கண்டு அறிஞர்கள் முதலில் ஐயுற்றனர். பின்னர் அவர்களே அடித்தளக் கண்டுபிடிப்புக்கான தேசியப் போட்டிக்கு அதைப் பதிவு செய்தனர், முதற்பரிசு கிடைத்தது. செய்தி வெளிவந்தபின் பிரிந்து சென்ற சாந்தி தொலைபேசியில் அழைத்தார். ஐந்தரை ஆண்டுப் பிரிவு முடிவுற்றது.

கென்னருக்கு வாராத வாய்ப்பு முருகானந்தத்துக்கு இப்போது வந்தது. இயந்திரத்தின் உரிமையை விலைக்கு வாங்க நிறுவனங்கள் முன்வந்தன. அவர் மறுத்தார். பொருளை விற்கும் முதலாளியாகவும் அவர் விரும்பவில்லை. இயந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் விற்றார். ஓர் இயந்திரத்தைச் சுற்றி 10 பெண்கள் வரை வேலை பெறுவர். நாளொன்றுக்கு 200 முதல் 250 நாப்கின்கள் செய்வர். தங்கள் ஊரிலேயே தங்கள் பெயரிட்டு விற்பர். பெண்ணிடமிருந்து பெண் வாங்கும்போது தாளில் சுற்றி மறைக்கும் தேவை இல்லை. பயன்படுத்தும் முறையையும் அப்போதே கேட்டறியலாம். கூச்சம் இயந்திரத்தால் நீங்காது என்பதை ஊரைவிட்டு வெளியேறிய மனிதர் நன்கறிவார். விற்பனை முறையிலேயே அதற்கும் வழி வைத்தார். பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களுக்கு முதலில் சென்ற இயந்திரங்கள், பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவின. 2014 இல் டைம் இதழ் உலகின் செல்வாக்குமிக்க 100 பேருள் ஒருவராக அவரைக் குறிப்பிட்டது. 2016 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கென்னரும் முருகானந்தமும் ஒருவரை ஒருவர் அறிந்தவர் அல்லர். இருவருக்கும் நேர்ந்த தடைகளும் ஒன்றல்ல. கென்னரை மறுத்தவர்கள் அவருடைய கருவியை ஏற்றுக்கொண்டவர்கள்; அவருடைய நிறத்தையே ஏற்கவில்லை. முருகானந்தத்தின் ஊரார் அவரை அறிந்தவர்கள். அவர் கையில் எடுத்த பொருளையே ஏற்கவில்லை. படிப்பும் ஆங்கிலமும் இல்லாமை அவருக்கு மற்றொரு சுவர். ஆனால் கென்னரைப் போலன்றி அவர் தம் தோற்றத்தை எவரிடமும் எண்ணி அஞ்சவேண்டியிருக்கவில்லை. வரிசையாகக் கதவுகளைத் தட்ட அவரால் இயன்றது. முருகானந்தம் தம் இயந்திரத்தைச் சென்னையில் காட்டிய அதே 2006 ஆம் ஆண்டு சனவரி 13 அன்று கென்னர் தம் 93 ஆம் வயதில் காலமானார். முறையான விருதோ பெருஞ்செல்வமோ அவருக்குக் கிட்டவில்லை.

இந்தத் துறையில் தேவை இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்தி எறியப்படும் நாப்கின்கள் எளிதில் மக்குவதில்லை. அவற்றை எங்கே போடுவது என்பது வீட்டுக்கும் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் உரிய கேள்வியாகிவிட்டது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சியில், பல ஆண்டுகள் கழுவிப் பயன்படுத்தத்தக்க மாதவிடாய்க் கிண்ணங்கள் பெண்களுக்கு வழங்கப்பட்டன. 2022 சனவரியில் அது நாப்கின் இல்லா ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பட்டையிலிருந்து நாப்கினுக்கும், நாப்கினிலிருந்து கிண்ணத்துக்கும் வந்தடைய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் கடக்கவேண்டியிருந்தது பேசத் தயங்கும் வாயையே.

சொற்பொருள்

காப்புரிமை – கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம்வரை கண்டுபிடித்தவரே பயன்படுத்தவும் விற்கவும் சட்டம் தரும் உரிமை
கீல் – கதவைச் சட்டத்துடன் இணைத்து அசையச் செய்யும் உறுப்பு
உசாவுதல் – கேட்டறிதல்
நடைதாங்கி – நடக்க இயலாதோர் பிடித்து நடக்கும் சட்டம்
மரக்கூழ் – மரத்தை அரைத்துப் பெறும் நார்ப்பொருள்
தீட்டு – தூய்மையற்றது எனக் கருதி விலக்குதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெட் என்னும் அடிமைக்கும் அவருடைய எசமானருக்கும் காப்புரிமை மறுக்கப்பட்டதற்கான காரணங்கள் யாவை?
2. மார்கனின் தலைக்கவசத்தில் குழாய்கள் தரைவரை நீண்டிருந்தது ஏன்?
3. பஞ்சுக்கும் மரக்கூழுக்கும் உறிஞ்சும் தன்மையில் உள்ள வேறுபாடு யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. கென்னருக்கும் முருகானந்தத்துக்கும் நேர்ந்த தடைகளை ஒப்பிடுக. எது கடக்க அரிது என்று கருதுகிறீர்கள்? காரணம் கூறுக.
2. இயந்திரத்தை நிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கு விற்ற முடிவு பற்றி உங்கள் கருத்தை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
மரக்கூழ், நீள்சதுரம், பெருஞ்செல்வம், அச்சிறுமி

ஈ. செயல்பாடு
உங்கள் ஊரிலுள்ள குடும்பஸ்ரீ அலகு, தறிக்கூடம், பட்டறை, பால் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றுள் ஒன்றுக்குச் செல்க. அங்கு வேலை செய்பவர் தம் வசதிக்காகத் தாமே மாற்றியமைத்த கருவி ஏதேனும் உள்ளதா எனக் கேட்டறிக. அக்கருவியின் படத்தை வரைந்து, அது எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது என்பதைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.